நைனா மரைக்காயர் திறந்த கதவு

இந்த மண்ணில் டச்சுக்காரர்களின் கொடியை இறக்கியது பீரங்கி அல்ல, கப்பற்படையும் அல்ல. ஒரு தனி மனிதரின் வலது கை. அந்தக் கைக்கு உரியவர் பழவேற்காடு நைனா மரைக்காயர். ஒரு நாள் நட்டநடுப் பகலில், துரைமார்களும் சிப்பாய்களும் விழித்துக்கொண்டிருக்கும்போதே, கோட்டைக் கதவின் தாழ்ப்பாளை அவர் தன்னந்தனியாக நீக்கினார். திறந்த கதவு வழியே சரித்திரம் உள்ளே நுழைந்தது.

கதை இந்த இடத்துக்கு வரும்போது அமீர் ஜானின் வலது கை தானாக உயரும். அந்தக் கையில் பெரும்பாலும் ஒரு டேப் சுருள் இருக்கும். நைனா மரைக்காயரின் ஏழாம் தலைமுறை வாரிசு, பழவேற்காடு கடைத்தெருவில் தெர்மாகோல் பெட்டி விற்கிறார்.

ஏரி நண்டும் இறாலும் ஐஸ் போட்டுச் சென்னைக்குப் போகிற பெட்டிகள் அவை. அவரிடம் கதை கேட்காமல் பெட்டி வாங்க முடியாது. இரண்டு பெட்டி கேட்டவருக்குக் கோட்டைக் கதவு வரைக்கும் சொல்வார். பத்துப் பெட்டி கேட்டவருக்கு முழு முற்றுகையும் உண்டு. மொத்தமாக எடுக்கும் ரஞ்சித்குமார் இப்போதெல்லாம் போனில் சொல்லிவிட்டு ஆட்டோவை மட்டும் அனுப்பிவைக்கிறார். ஆட்டோக்காரர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்.

எதிர்த்துப் பேசும் ஒரே வாடிக்கையாளர் நண்டு விற்கும் குப்பம்மாள். தினமும் காலையில் ஈரக் கூடையைக் கடை வாசலில் வைத்துவிட்டு ஒரு பெட்டி எடுப்பார்.

"உங்க நைனா கதவ தொறந்தாரு, சரி. ஏன் பாய் தொறந்தாரு?"

"ஏன்னா? தேசபக்தி."

"அப்போ தேசமே இல்லியே பாய்."

"அதான் பெருமை," என்பார் அமீர் ஜான். "இல்லாத தேசத்துக்கே தொறந்திருக்காரு!"

வம்சத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. டச்சுக்காரர்களின் முகம் வெயிலில் வெந்த நண்டு மாதிரிச் சிவந்திருக்குமாம். 'இந்தச் செக்கச்செவேல் முகங்கள் கடல் தாண்டும்வரை நானும் என் வம்சமும் நண்டைத் தொடமாட்டோம்' என்று நைனா மரைக்காயர் சபதம் செய்தாராம். முகங்கள் கடல் தாண்டி இருநூறு வருஷம் ஆகிவிட்டது. சபதத்தை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பழவேற்காட்டில் பிறந்து நண்டு தின்னாத ஒரே குடும்பம் என்று ஊரில் அவர்களுக்கு ஒரு மாதிரியான மரியாதை இருந்தது. மூக்கில் பல் முளைத்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை.

இதில் அடிபட்டவர் அமீர் ஜானின் மனைவி மரியம் பீவி. அவர் நண்டு ரசம் குடித்து வளர்ந்தவர். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாக ஏரியில் நண்டு, சந்தையில் நண்டு, புருஷன் விற்கிற பெட்டியில் நண்டு. அடுப்பில் மட்டும் கத்தரிக்காய்.

இத்தனைக்கும் ஆதாரம் ஒரு காகிதம். கூடத்தில், டிவிக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கியது. பழுப்பேறிய காகிதத்தில் வலமிருந்து இடமாக மையெழுத்து. நைனா மரைக்காயரின் வீரத்தைப் பாராட்டி நவாபு அனுப்பிய ஃபர்மான், அதாவது அரசாணை, என்பது குடும்ப வழக்கு. அமீர் ஜானுடைய வாப்பாவின் காலத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எழுத்து அரபு எழுத்து. ஆனா அரபி மொழி இல்ல," என்றார். அரபி இல்லையென்றால் பாரசீக மொழியான பார்சிதான் என்று முடிவானது. பிறகு சென்னையிலிருந்து விருந்துக்கு வந்த பார்சி படித்த ஒருவர், கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்து, "இது பார்சி இல்லையே," என்றார். அவருக்குத் தெரிந்தது சாதாரண பார்சி, இது தர்பார் பார்சி என்று முடிவானது. சில எழுத்துகளுக்குக் கீழே தேவைக்கு மேல் புள்ளிகள் இருந்தன. நவாபு தங்கப் பொடி தூவியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு முடிவு இருந்தது. யாருக்கும் புரியாமல் இருக்க இருக்க அந்தக் காகிதம் உயர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் ஆணியை அரை அடி மேலே அடித்தார்கள்.

இந்த நிலையில்தான் படகுத்துறையில் இரண்டு கட்டடங்கள் எழும்பின. ஒன்று, சுற்றுலாப் பயணிகளை வரவேற்க ஒரு வளைவு. இன்னொன்று, அவர்களுக்கே ஒரு கழிப்பிடம். வளைவுக்கு இந்த மண்ணின் சரித்திர புருஷர் ஒருவரின் பெயரைச் சூட்டலாம் என்று விழாக்குழு தீர்மானம் போட்டது. ஆதாரத்தோடு வருபவர்கள் சனிக்கிழமை பதினோரு மணிக்கு லைட்ஹவுஸ் குப்பத்து வலைக்கூடத்துக்கு வரலாம்.

அமீர் ஜானுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாப்பா சொன்னார், வாப்பாவின் வாப்பா சொன்னார், தானும் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் தலையாட்டியிருக்கிறார்களே தவிர, ஒருத்தரும் எழுதி வைத்ததில்லை. மகன் இல்லை. ஒரே மகள் ருமானா பொன்னேரியில் பள்ளிக்கூட டீச்சர். அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் கதை சொல்ல ஆள் கிடையாது. சிமெண்டில் நைனா மரைக்காயர் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் போதும், தான் வாயை மூடிக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது.

"வாயை மூடுவீங்களா?" என்றார் மரியம் பீவி. "அப்ப நானே கொத்தனாரக் கூப்பிடறேன்."

சனிக்கிழமை காலையில் ஏணி வைத்துச் சட்டம் இறக்கப்பட்டது. ஒரு பல்லி இடம் பெயர்ந்தது. பட்டுச்சால்வையில் சுற்றி, பேத்தியைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, அமீர் ஜான் ஷேர்வானியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் ருமானா. பாலம் ஏறி இறங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர், "மெதுவா, மெதுவா, உள்ள நவாபு கீறாரு," என்றார்.

வலைக்கூடத்தில் நீல வலைக் குவியல்களுக்கு நடுவே மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் ஆபிரகாம், மூன்று ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரர், நடுவில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் கங்காதரன் கிராம அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேனா மூடியைத் திறந்து, வாய் திறப்பவர்களுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது நாற்காலி ஆதாரத்துக்கு. வலை சரிபார்க்கிறவர்கள் தரையில் உட்கார்ந்து கையை நிறுத்தாமல் காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். குப்பம்மாளும் இருந்தார். படகு வர நேரமிருந்தது. கரையில் வெயில், இங்கே நிழலும் உண்டு, வேடிக்கையும் உண்டு.

முதல் மனு தலைவருடையதே. தலைவரே மனு கொடுக்கலாமா என்று தலைவரே கேட்டு, தலைவரே கொடுக்கலாம் என்றார். அவருடைய தாத்தாவின் தாத்தாதான் இந்தக் கரையில் முதன்முதலாகக் கலங்கரை விளக்கை ஏற்றியவர். ஆதாரமாக ஒரு பித்தளைச் சாவியை நாற்காலியில் வைத்தார்.

"லைட்ஹவுஸ் சாவி. அஞ்சு தலைமொறையா எங்க பீரோவுல கீது."

குப்பம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இன்னாண்ணா, இது போன வாரம் எஞ்சின் பொட்டி சாவி காணோம்னு ஊரெல்லாம் தேடினியே, அது தானே?"

தரையில் வலை நூலை வெட்டிக்கொண்டிருந்த ஒரு கத்தரிக்கோல் நின்றது. ஆபிரகாம் சாவியை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அது கெடைச்சதும் நல்லதாப் போச்சு," என்றார். "அடுத்த மனு."

அமீர் ஜான் சால்வையை விலக்கினார். கூடத்தில் மௌனம் நிலவியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் நிலவ விட்டார்.

"நவாபோட ஃபர்மான்."

"படிங்க பாய்," என்றார் கங்காதரன், பேனாவோடு.

"இது பார்சி. சாதாரண பார்சி இல்ல, தர்பார் பார்சி."

"சரி. படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

"இப்போ ஒலகத்துல யாரும் இல்ல," என்றார் அமீர் ஜான், அதையும் ஒரு பெருமையாக.

கங்காதரன் பேனாவை மூடினார். "படிக்க முடியாத காயிதத்த நான் எப்டிப்பா மினிட்ல ஏத்தறது? ‘காயிதம் காட்டப்பட்டது, அழகா இருந்தது'னு எழுதவா?"

ருமானா குனிந்து சட்டத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் காகிதத்தை அவள் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. "வாப்பா, எழுத்து தெளிவாத்தான் இருக்கு. ஓதற மாதிரி எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாக்கட்டா? அர்த்தம் தெரியலன்னாலும் ஓசை வருமே."

அமீர் ஜானுக்கு அந்த யோசனை பிடித்தது. நவாபின் தர்பார் ஓசை இந்த வலைக்கூடத்தில் ஒருமுறை ஒலிக்கட்டும். "படிம்மா. நிறுத்தி, கம்பீரமா."

ஆணிகளைக் கழற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தார்கள். கீழே நாலு விரற்கடை அட்டைக்குள் மடிந்திருந்தது; நிமிர்த்தியதும் இன்னும் பல வரிகள் வந்தன. ருமானா இறைவன் பெயரைச் சொல்லும் முதல் வரியைப் படித்தாள். எல்லோரும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். அடுத்த வரியில் திக்கினாள்.

"மீம்... மீமுக்கு ‘ம'. அப்புறம் ஜீம் மாதிரி இருக்கு, ஆனா மூணு புள்ளி. இத ‘ச'ன்னு வெச்சுக்கலாம். ம... ச்... சா... னு... க்கு."

"ஆஹா," என்றார் அமீர் ஜான் கண்களை மூடி. "மச்சானுக்கு! என்னா கம்பீரம் பாருங்க அந்த பார்சில."

"மச்சானுக்கா?" என்றார் குப்பம்மாள்.

"மச்சானுக்கு... ந... நை... னா... எ... ழு... தி... க்... கொ..."

"ஐயே!" குப்பம்மாள் கையைத் தட்டினார். அவருக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. "மச்சானுக்கு நைனா எழுதிக்கொண்டது! இது தமிழு பாய்! தமிழேதான்!"

ருமானா காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் முகம் மெல்ல மாறியது. "வாப்பா, இது அரபுத் தமிழ். அந்தக் காலத்துல நம்மாளுங்க தமிழ அரபு எழுத்துல எழுதுவாங்கல்ல? அதான். புள்ளிங்க ஜாஸ்தியா இருக்கறது தங்கப் பொடி இல்ல. அரபில இல்லாத தமிழ் எழுத்துக்குப் போட்டிருக்காங்க."

அமீர் ஜானுக்கும் அரபுத் தமிழ் தெரியாததல்ல. அவருடைய உம்மா வைத்திருந்த பாட்டுப் புத்தகமே அதில்தான் இருந்தது. ஆனால் ஃபர்மான் என்று பெயர் வைத்து உத்தரத்தில் மாட்டிய பிறகு, அதற்குள் மச்சான் இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு கணம் தடுமாறினாலும் அவர் சமாளித்துக்கொண்டார். "நவாபு எழுதல. நைனா மரைக்காயரே கைப்பட எழுதியிருக்காரு! அதுக்கு மேல ஆதாரம் வேணுமா? படிம்மா."

இப்போது மொழி பிடிபட்டுவிட்டதால் ருமானா வேகமாகப் படித்தாள்.

"மச்சானுக்கு நைனா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. ஊரில் என்னைப் பற்றிப் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். மற்றதெல்லாம் பொய். கோட்டைக் கதவைத் திறந்தது நான்தான் என்பது மட்டும் மெய்."

அமீர் ஜான் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது வருஷம்! எத்தனை ஆயிரம் பெட்டிகள்! "எழுதிக்கோங்க கங்காதரன்! ‘திறந்தது நான்தான்.' அவர் வாயாலேயே வந்துடுச்சு. எழுதிக்கோங்க!"

கங்காதரன் எழுதினார்: ‘கதவு திறந்தது நிரூபணம்.' ஆபிரகாம்கூட எழுந்து வந்து அமீர் ஜானின் கையைக் குலுக்கினார். "ஜெயிச்சிட்ட பாய். வளைவு ஒனக்குத்தான்."

ருமானா இதற்குள் அடுத்த வரியைக் கண்ணால் படித்துவிட்டிருந்தாள். "போதுமா வாப்பா? மிச்சத்த வீட்டுக்குப் போயி..."

"இன்னாத்துக்கு வீட்டுக்கு? இங்கயே படி! எல்லாரும் கேக்கட்டும்!"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அன்று பகல் காவல்காரன் சாப்பிடப் போனதால் தாழ்ப்பாள், துரைமாருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாகிய என் பொறுப்பில் இருந்தது. நானும் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தேன். உங்கள் தங்கை நண்டு சமைத்து அனுப்பியிருந்தாள். நான் பதினோரு நண்டு மாத்திரம் சாப்பிட்டேன்."

"மாத்திரம்!" என்றார் குப்பம்மாள்.

"சற்று நேரத்தில் வயிறு..." ருமானா நிறுத்தினாள்.

"போதும்," என்றார் அமீர் ஜான்.

"இல்லம்மா, படி," என்றார் ஆபிரகாம், எஞ்சின் பெட்டிச் சாவியை மறக்காதவராக. "சரித்திரத்த பாதில நிறுத்தக்கூடாது."

"...வயிறு என் சொல் கேட்கவில்லை. கோட்டைக்குள் இருக்கிற மறைவிடம் துரைமாருக்கு மாத்திரம். எங்களைப் போன்றவர்கள் ஏரிக்கரைக்குத்தான் போகவேண்டும். ஆகையால் தாழ்ப்பாளை நீக்கி ஓடினேன். திரும்ப மூட அவகாசம் இல்லை. காரியம் முடிந்து வந்து பார்த்தால், வாசலில் வேறு நிறச் சட்டை போட்ட இங்கிலீசு சிப்பாய்கள் நின்றுகொண்டு, ‘யார் நீ' என்று கேட்டார்கள். பதில் சொல்ல நேரமில்லாமல் நான் மறுபடியும் ஏரிக்கரைக்கே ஓடும்படி ஆயிற்று."

வலைக்கூடத்தில் ஊசிகள் அத்தனையும் நின்றுவிட்டன. ருமானா காகிதத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள்.

"எங்களுக்கென்று ஒரு மறைவிடம் கட்டியிருந்தால் துரைமாருக்கு இந்தக் கதி வந்திராது. இனி நம் வம்சத்தில் யாரும் நண்டைத் தொடவேண்டாம். இந்தக் காகிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவேண்டாம்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு சிரிக்காதவர் யார் என்றும் தெரியவில்லை. ஒருவர் வலைக்குள்ளேயே உருண்டு, அவரைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தொழிலுக்கு வந்த அவதூறாக அவர் அதை எடுத்துக்கொண்டார்.

"நண்டு மேல பழியப் போடாதீங்க! பதினோரு நண்டு துன்னா கோட்டக் கதவு இன்னா, கும்மிடிப்பூண்டியே தொறந்துக்கும்! நாலோட எழுந்திருக்கணும் அந்த மனுசன்!"

அமீர் ஜான் காகிதத்தை வாங்கி மடித்தார். இந்த ஒரு காகிதத்தை ஏழு தலைமுறை கண் போலக் காப்பாற்றியது; அதில் கேட்டுக்கொண்டபடியே யாருக்கும் வாசித்துக் காட்டவும் இல்லை. சபையில் வாசிக்கச் சொன்ன ஒரே வாரிசு அவர்.

"வளைவுக்கு நல்வரவுன்னு மட்டும் போட்டுக்கலாம்," என்றார் ஆபிரகாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க தாத்தாவும் வேணாம், பாயோட நைனாவும் வேணாம்."

அப்போதுதான் கங்காதரன் பேனாவால் மேசையில்லாத இடத்தில் தட்டினார். முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் இருந்தவர். எந்தக் காகிதத்தையும் வீணாக்கத் தெரியாதவர்.

"ஒரு நிமிஷம். பொதுமக்களுக்குக் கழிப்பிடம் இல்லன்னு எழுத்து மூலமா கொடுக்கப்பட்ட புகார் இது. இந்த வட்டாரத்துல இதவிடப் பழசா ஒண்ணு நான் பாத்ததில்ல. இப்போ நம்ம கட்டிக்கீறோம்ல? புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சுன்னு கோப்ப முடிச்சிடலாம். அந்தக் கட்டடத்துக்கு அவர் பேரு வெச்சா இன்னா?"

அமீர் ஜான் மடித்த காகிதத்தோடு போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார். இந்த முறை குலுக்கலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. சுவரில் சட்டம் இருந்த இடம் வெள்ளையாக, சதுரமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரியம் பீவி ஆறுதலாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முதுகைத் தடவினார்.

"ஏங்க."

"ம்."

"அப்போ சபதம்னு ஒண்ணும் இல்லியா?"

அமீர் ஜான் சுவரின் வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தார்.

"முப்பத்திரெண்டு வருஷம் நானு சொந்தமா டச்சுக்காரனோட சண்ட போட்ட மாதிரி கத்திரிக்கா துன்னுகினு இருந்தேன்."

"யாரும் தொடவேண்டாம்னு எழுதிக்கீறாரே, அது அப்படியேதானே இருக்கு?"

"சமைச்சவ மேல பழி போட்டுட்டுப் போயிட்டாரு உங்க நைனா. பதினோரு நண்டு துன்னது இவரு, பேரு கெட்டது அந்தம்மாவுக்கு. அந்தம்மா பேரு இன்னான்னாவது எழுதிக்கீறாரா? ‘உங்கள் தங்கை'யாம்!"

 மூன்றாம் நாள் காலையில் அமீர் ஜானுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. கடையைத் திறந்தார். முதலில் வந்தது குப்பம்மாள்.

"இன்னா பாய், இன்னிக்கு கதை இல்லியா?"

அமீர் ஜானின் வலது கை மெல்ல உயர்ந்தது. "யோசிச்சுப் பாரு குப்பம்மா. கதவு தொறந்தவங்க ஒலகத்துல ஆயிரம் பேரு. ஆனா ஏழைக்கு ஒரு மறைவிடம் வேணும்னு இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டவர் யாரு? வளைவுல இன்னா கீது? கீழ பூந்து போறான், அண்ணாந்துகூடப் பாக்க மாட்டான். இது அப்படியா? மனுசனா பொறந்தவன் தேடி வந்தாவணும்!"

குப்பம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். "அது மட்டும் நெசம் பாய்."

அன்றே கங்காதரனிடம் போய்ச் சம்மதம் சொன்னார். பலகையில் ‘மாவீரர் நைனா மரைக்காயர்' என்று இருக்கவேண்டும் என்றார். கங்காதரன் கோப்பைப் புரட்டிவிட்டு, மாவீரருக்கு ஆதாரம் இல்லை என்றார். ‘சமூக சீர்திருத்தச் செம்மல்' என்றார் அமீர் ஜான். பலகையில் அத்தனை இடம் இல்லை என்றார் கங்காதரன். அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ‘திரு' என்பதில் இருவரும் உடன்பட்டார்கள்.

பலகை மாட்டிய அன்றே லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வழக்கம் தொடங்கியது. படகிலிருந்து இறங்குகிறவர்கள், "வலைய புடி, நைனாவைப் பாத்துட்டு வந்துடறேன்," என்றார்கள். கட்டடம் இன்னும் திறக்கவில்லை. அவர்கள் பழையபடி கரைப் பக்கம்தான் போனார்கள். ஆனால் பெயர் அதற்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்பாவையும் நைனா என்று கூப்பிடுகிற ஊர் என்பதால் சில வீடுகளில் குழப்பம் ஏற்பட்டது. அமீர் ஜான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். சொல்லிச் சொல்லி நாற்பது வருஷத்தில் பரவாத பெயர் நாலு நாளில் பரவிவிட்டது.

திறப்பு விழா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன்கிழமை மத்தியானம் அமீர் ஜான் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்கு நடுவே சிவப்பாக ஒன்று கால்களை விரித்துக்கொண்டிருந்தது.

"இன்னா இது?"

"அந்தம்மாவுக்கு மரியாதை," என்றார் மரியம் பீவி. "ஏழு தலைமொறையா பழி சொமந்துகினு கீறா. குத்தம் சமையல்ல இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும். ஆதாரத்தோட."

ஆதாரம் என்ற சொல்லுக்கு அமீர் ஜான் எப்போதும் கட்டுப்பட்டவர். ஒரு காலை உடைத்துப் பார்த்தார். மிளகும் பூண்டும் நெருப்பாக உள்ளே இறங்கின. அதற்கப்புறம் நண்டுதான் பேசியது: ஓடு உடைகிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம். ருமானா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது வாப்பாவின் தட்டுப் பக்கத்தில் ஓடுகள் ஒரு சின்னக் கோட்டை மாதிரிக் குவிந்திருந்தன.

"எத்தனை வாப்பா?"

"எண்ணல," என்றார் அவர். மரியம் பீவி எண்ணியிருந்தார். பன்னிரண்டு.

வியாழக்கிழமை படகுத்துறையில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக் வைத்திருந்தார்கள். வளைவில் ‘நல்வரவு' என்று இருந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அமீர் ஜான் அதே ஷேர்வானியில், நாற்பது நிமிஷத்துக்கான உரையைப் பதினாறு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கதவு, தாழ்ப்பாள், மறைவிடம், மனித மாண்பு எல்லாம் அதில் இருந்தன. பெயர்ப்பலகையை அவர் ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தார். சிமெண்ட் சுவரில், வெள்ளையில் நீல எழுத்தாக, ‘திரு. நைனா மரைக்காயர் நினைவுக் கழிப்பிடம்'. அதன் கீழே இரண்டு அம்புக்குறிகள்.

மைக்கைப் பிடித்தார். "அன்பான பழவேற்காட்டு மக்களே. இருநூறு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பகல் வேளையில்..."

நிறுத்தினார். நெற்றியில் வேர்த்திருந்தது. மக்கள் உணர்ச்சிவசப்பட்டார் என்று நினைத்தார்கள். குப்பம்மாள் மட்டும் மரியம் பீவியைத் திரும்பிப் பார்த்தார். மரியம் பீவி மேலே பந்தலைப் பார்த்தார்.

"...ஒரு மனிதர்..." என்றார் அமீர் ஜான். பிறகு பதினாறு தாளையும் அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு, "சார், ரிப்பன வெட்டிடுங்க," என்றார்.

"பேசி முடிக்கலியே?"

"வெட்டுங்க சார். சீக்கிரம்."

ஆபிரகாமுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாய்க்கு இத்தனை அடக்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள்.

அதிகாரி ரிப்பனை வெட்டினார். திரு. நைனா மரைக்காயர் நினைவுக் கழிப்பிடத்தின் கதவைத் திறந்து முதலில் உள்ளே போனவர் அமீர் ஜான்.

தண்ணீர் மோட்டார் திங்கட்கிழமைதான் வந்தது.